வலி இல்லை என்று சொன்னவர்கள்

கால் விரல்களைப் பாருங்கள்.

பெருங்குடல் பரிசோதனை அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கருவியை எப்படிக் கழுவுவது, மருந்தை எப்படி அளப்பது என்று சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். இப்போது குடலின் உட்புறம் பெரிய திரையில் தெரிகிறது. அறையில் நிற்கிற எல்லோரும் அந்தத் திரையையே பார்க்கிறார்கள். படுத்திருப்பவரைப் பார்க்கவும் ஒருவர் வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மருத்துவமனையில். அப்போது திரை கிடையாது. டாக்டர் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணைக் கருவியின் முனையில் வைத்துப் பார்ப்பார். அவருக்குக் குடல் தெரியும், ஆள் தெரியாது. எனக்கு ஆள் தெரியும், குடல் தெரியாது. அப்படித்தான் வருடக்கணக்கில் வேலை செய்தோம்.

அவரைப் பெரிய டாக்டர் என்றே அழைத்தோம். பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் பேரன். வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழை மருத்துவமனையிலும் அப்படியே பேசுவார், வலியை நோவு என்பார். சிரிப்பது குறைவு. பிடித்த வேலையை விடமாட்டார்.

அவரை உறுத்திக்கொண்டே இருந்தது ஒரு கேள்வி. மலத்தில் இரத்தம் போகிறவர்கள் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்? மூலம் என்று நினைத்துக் கைமருந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் வயிறு வீங்கி வரும்போது கட்டி குடலை அடைத்திருக்கும். முன்கூட்டியே பரிசோதனைக்கு வரச் சொன்னாலும், மயக்க மருந்து கொடுப்போம், இரவு தங்க வேண்டும் என்று கேட்டவுடனே பலர் எழுந்து போய்விடுவார்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டியவர் இரவு எங்கே தங்குவார்? பிள்ளைகளை யாரிடம் விடுவார்? தங்கச் சொல்ல எங்களிடமும் கட்டில் இல்லை.

"மருந்தைக் குறைக்கவேணும். காலமை வந்து செய்துகொண்டு, மத்தியானம் பஸ் ஏறி வீட்டை போகவேணும். அப்பதான் சனம் வரும்" என்பார் அவர்.

இதுதான் அவருடைய ஆராய்ச்சி. குறைந்த அளவு மருந்து, விழித்திருக்கும் நோயாளி, அன்றே வீடு. பரிசோதனை முடிந்ததும் அவரே கட்டிலருகே போய்க் கேட்பார்: "நோவு இருந்ததோ?" பதிலைக் குறித்துக்கொள்வார். ஏறக்குறைய எல்லோருமே இல்லை என்றார்கள். அவருக்குப் பெருமகிழ்ச்சி. கோலாலம்பூரில் நடக்கவிருந்த சிறப்பு மருத்துவர்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச அழைப்பும் வந்துவிட்டது. அங்கே இது எடுபட்டால் எங்கள் அறைக்கு இரண்டாவது கருவி ஒன்று கிடைக்கும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். இருந்த ஒரே கருவி பழுதாகிச் சிங்கப்பூருக்குப் போனால், திரும்பி வரும்வரை அறையைப் பூட்டிவைக்கும் நிலையில் இருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை வந்தார்.

செமோர் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர் அவர். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்ற பிறகு புருஷனோடு குனோங் ராபாட்டுக்குக் குடிவந்து, ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். இரத்தப்போக்கு. மூலம் என்று நினைத்து வெகுநாள் மறைத்துவைத்திருந்தார்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அவருடைய வயிற்றில் என் உள்ளங்கை இருந்தது. பெருங்குடல் இடுப்புப் பக்கம் பாம்புபோல வளையும் இடம் வந்ததும் குழாய் முன்னே போகவில்லை. டாக்டர் தள்ளினார். உள்ளே போகிற நீளமெல்லாம் முன்னேறாமல் வளையமாகச் சுருண்டு வயிற்றை மேலே தூக்குவதை என் கை உணர்ந்தது. அஞ்சலையின் முகத்தைப் பார்த்தேன். வாயை இறுக மூடியிருந்தார். சத்தமே இல்லை. காலைப் பார்த்தேன். பத்து விரல்களும் உள்பக்கமாக மடங்கி, கணுக்கால் நரம்பு கயிறாகப் புடைத்து நின்றது.

"டாக்டர், நிறுத்துங்க."

"இன்னும் கொஞ்சம்தான் பிள்ளை."

"நிறுத்துங்க டாக்டர்!"

அந்தக் காலத்தில் நர்ஸ் ஒருத்தி அப்படிப் பேசுவது வழக்கமில்லை. அவர் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு அஞ்சலையைப் பார்த்தார். குழாயை வெளியே எடுத்தார். பரிசோதனை பாதியில் நின்றது. வேறொரு நாள் மறுபடி செய்வதாக முடிவானது.

சற்று நேரம் கழித்து வழக்கம்போலக் கட்டிலருகே போனார். நானும் கூடவே நின்றேன்.

"அம்மா, நோவு இருந்ததோ?"

அஞ்சலை படுத்தபடியே போர்வையைச் சரிசெய்து, எழ முயன்றார். "இல்லீங்க டாக்டரய்யா."

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் ஒவ்வொருவரையும் காலிலிருந்து தலைவரை பார்க்கத் தொடங்கினேன். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனப் பெரியவர் ஒருவர் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியை என்னால் விடுவிக்கவே முடியவில்லை. டாக்டர் கேட்டபோது, "தக் அப்பா, தக் அப்பா," ஒன்றுமில்லை என்று மலாயில் சொல்லிக் கையை ஆட்டினார். மலாய்க்கார அம்மா ஒருவரின் தலையணை கண்ணீரில் நனைந்திருந்தது. அவரும் வலியில்லை என்றுதான் சொன்னார். சிலருக்கு உண்மையிலேயே வலிக்கவில்லை, அதையும் பார்த்தேன். ஆனால் யாருக்கு வலித்தது, யாருக்கு வலிக்கவில்லை என்பதை அவர்களுடைய பதிலை வைத்துப் பிரிக்கவே முடியாது.

மறுபரிசோதனைக்கு அஞ்சலை வரவில்லை. சொல்லியனுப்பியும் வரவில்லை. என் ஓய்வு நாளில் பஸ் ஏறிக் குனோங் ராபாட்டுக்குப் போனேன். சுண்ணாம்புக்கல் மலைக்குக் கீழே வரிசை வீடுகளில் ஒன்று. என்னைப் பார்த்ததும் அஞ்சலையின் முகம் மாறியது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மைலோ கலக்கித் தந்தார்.

"அக்கா, ஏன் வரல?" என்று கேட்டேன்.

"வரமாட்டேன் மிஸ்ஸி. கோவிச்சுக்காதீங்க." எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்; பேச்சின் முடிவில் லா சேர்ப்பதும் அங்கே பழக்கம். "ரெண்டு பிள்ள பெத்தவ நான். அந்த வலியெல்லாம் ஒண்ணுமே இல்ல லா. உசுரே போயி வந்துச்சு."

"டாக்டர் கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களே?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்களும் எஸ்டேட்டுப் பிள்ளதானே மிஸ்ஸி? காலையில பேரு கூப்பிடுறப்ப பெரட்டுல நின்னு ஒடம்பு முடியலன்னு சொன்னா வேலை வாங்குற மண்டோர் என்ன சொல்வாரு? நடிக்கிறியான்னு கேப்பாரு. பெரியவங்க முன்னால வலிக்குதுன்னு சொல்லிப் பழக்கமில்ல. அதோட அவரு நல்ல மனுஷன். நமக்காக அம்புட்டு நேரம் குனிஞ்சு நின்னாரு. அவர்கிட்டப் போயி வலிச்சுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்கண்ணன் ராமையாவுக்கும் ரத்தம் போவுது. இன்னும் செமோர்லதான் இருக்காரு. உன் டாக்டர்கிட்ட நானும் வரட்டான்னு கேட்டாரு. வேணாம்ணே, செத்தாலும் அங்க போவாதேன்னு சொல்லிட்டேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. வலியில்லை என்று அறையில் சொன்னவர்கள் வீட்டுக்குப் போய் அக்கம்பக்கத்தில் வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எந்த மக்கள் வர வேண்டும் என்று டாக்டர் பாடுபட்டாரோ, அவர்களை எங்கள் அறையே விரட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரக் கடைசியில் அவர் கோலாலம்பூர் போகவேண்டும்.

மறுநாள் காலை, முதல் நோயாளி வருவதற்கு முன் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கால் விரல்கள், கட்டில் கம்பி, நனைந்த தலையணை, அஞ்சலை, ராமையா.

அவர் முகம் சிவந்தது. "அப்ப இவ்வளவு பேரும் எனக்குப் பொய் சொன்னவையோ?"

"மரியாதைக்குச் சொன்னாங்க டாக்டர்."

"நான் மரியாதையைக் கேக்கேல்லை! நோவைக் கேட்டனான்!"

"வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு, கட்டில் பக்கத்துல நின்னு, குழாயைப் பிடிச்ச கையோட கேட்டீங்க டாக்டர்."

அவர் எழுந்து சன்னல் பக்கம் போனார். கோலாலம்பூர் பேச்சு, இரண்டாவது கருவி, அத்தனை மாத உழைப்பு, எல்லாம் அவர் மனதில் ஓடியிருக்கும். என்னைத் திட்டி அனுப்பியிருந்தால் யாரும் அவரைத் தவறாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பேசாமல் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

திரும்பியபோது அவர் கேட்டது இதுதான்: "அந்த அம்மாவின்ர வீடு எங்கை?"

அன்று மாலையே அவருடைய காரில் போனோம். மருத்துவமனையிலேயே தன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். அஞ்சலை பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருடைய புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"அம்மா, அண்டைக்கு உங்களுக்கு நோவு இருந்ததோ?"

"இல்லீங்க டாக்டரய்யா" என்றார் அஞ்சலை உடனே.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் நாற்காலியை அஞ்சலைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"குழாய் போகேல்லை. நான் தள்ளினனான். தள்ளினால் நோகும் எண்டு எனக்குத் தெரியும். உங்கட காலை இந்தப் பிள்ளை பார்த்தவ. நான் பார்க்கேல்லை. அது என்ர பிழை, அம்மா."

அஞ்சலை புருஷனைப் பார்த்தார். புருஷன் தரையைப் பார்த்தார். அப்புறம் அஞ்சலையின் கண்ணில் தண்ணீர் வந்தது. "வலிச்சுச்சுங்க" என்றார். "ரொம்ப வலிச்சுச்சுங்க டாக்டரய்யா."

"திரும்பச் செய்யவேணும். உள்ளுக்கு ஏதோ இருக்குது எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனால் இந்த முறை நீங்கள் கையைத் தூக்கினால் நான் நிறுத்துவன். என்ன இடமாக இருந்தாலும் நிறுத்துவன்."

"நெசமாவா?"

"உங்கட புருஷனும் உள்ளுக்கு வந்து நிக்கட்டும். நான் நிறுத்தாட்டி அவர் என்ர கையைப் பிடிச்சு இழுக்கட்டும்."

புருஷன் முதல் முறையாக வாயைத் திறந்தார். "நான் இழுத்திருவேன் டாக்டர்."

மறுநாள் கோலாலம்பூருக்குத் தொலைபேசியில் பேசித் தன் பேச்சை ரத்துசெய்தார். காரணம் கேட்டிருப்பார்கள்போல. "என்ர முடிவுகள் பிழை" என்று சொன்னது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. குரலில் கூச்சமும் இல்லை, வருத்தமும் இல்லை. இரண்டாவது கருவியைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

அஞ்சலை வந்தார். அதே வளைவு. குழாய் மறுபடி அங்கே தயங்கியது. இந்த முறை டாக்டர் தள்ளவில்லை, இழுத்தார். உள்ளே போன நீளத்தைக் கொஞ்சம் வெளியே எடுத்து, வளையத்தை நேராக்கப் பார்த்தார். காற்றடிப்பதைக் குறைத்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சமாக விட்டார். குடல் விரிந்து வழிவிடத் தொடங்கிய நேரத்தில் அஞ்சலையின் கை மேலே போனது.

இளையவர்களே, அந்த நொடியை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். வளைவின் மறுபக்கம் டாக்டரின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று பிறகு சொன்னார். இன்னும் ஒரு விரற்கடை போதும். முதல் தடவை வீணாகியிருந்தது. இந்தத் தடவையும் வீணானால் அந்த அம்மா மூன்றாவது தடவை வரமாட்டார். தள்ளிவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர் கருவியிலிருந்து கண்ணை எடுத்தார். நிறுத்திவிட்டேன் என்று ஒரு கையை அப்படியே தூக்கிக் காட்டினார். புருஷன் ஓரடி முன்னே வந்தவர் நின்றுவிட்டார்.

காத்திருந்தோம். அஞ்சலை மூச்சுவிட்டார். அவரை மெல்ல மல்லாக்கத் திருப்பி, வயிற்றின் இடப்பக்கம் கீழே என் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

"இப்ப போலாமா அக்கா?" என்று கேட்டேன்.

"ம். போலாம்."

போனது. எந்தத் தடையும் இல்லாமல் போனது. கொஞ்சத் தூரத்திலேயே காம்போடு தொங்கிய ஒரு தசை வளர்ச்சியைப் பார்த்தார். ரப்பர் கொட்டை அளவு இருக்கும். கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்து எடுத்தார். அதன் நுனியில் புற்று தொடங்கியிருந்தது, காம்புக்கு இறங்கவில்லை என்று பரிசோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கதையே வேறு.

அண்ணனைக் கூட்டிவரச் செமோருக்கு அஞ்சலையே போனார். ராமையா வந்தார். ஆனால் அவருக்குக் கட்டி முற்றி, ஈரலுக்கும் போயிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அடுத்த தீபாவளி வரை அவர் இருக்கவில்லை. தங்கை தடுக்காமல் முதலிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

"நான்தான் போவாதேன்னு சொன்னேன்" என்று பிண அறை வாசலில் அஞ்சலை அழுதார்.

"உங்களைச் சொல்லவைச்சது நான்" என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் அவர் வேலை செய்த விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. பழைய முடிவுகளை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். ஒரு பிரிவுக்குக் காற்றடித்துத் தள்ளும் வழக்கமான முறை. மற்றொரு பிரிவுக்குத் தண்ணீரும், பின்னுக்கு இழுத்து நேராக்குவதும், ஆளைத் திருப்பிப் படுக்கவைப்பதும் சேர்ந்த முறை. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானித்தோம். கையைத் தூக்கினால் நிறுத்துவது இரண்டு பிரிவுக்கும் பொது. அதில் ஆராய்ச்சியே கிடையாது என்றார்.

கேள்வி கேட்கும் வேலையை அவர் செய்யவில்லை, என்னையும் செய்யவிடவில்லை. மருத்துவமனையின் சமூகநல அலுவலர் ரொக்கியாவிடம் ஒப்படைத்தார். சிம்பாங் பூலாய்ப் பக்கம் எஸ்டேட்டை ஒட்டிய மலாய்க் கிராமத்தில் வளர்ந்தவர், தமிழில் வெளுத்துக்கட்டுவார், கடைத்தெருச் சீனமும் பேசுவார். யாருக்கு எந்த முறை என்பது அவருக்குத் தெரியாது. பரிசோதனை முடிந்து, உடை மாற்றி, கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருவார். வலித்ததா என்று கேட்கவே மாட்டார்.

"அக்கா, நாளைக்கு ஒங்க தங்கச்சிக்கு இது செய்யணும்னா, என்ன சொல்லி அனுப்புவீங்க லா?"

அப்போதுதான் கொட்டினார்கள். தமிழில், மலாயில், சீனத்தில், கை வைத்து வயிற்றைக் காட்டி. சிலர் டாக்டரைத் திட்டினார்கள். ரொக்கியா ஒரு வார்த்தை விடாமல் கொண்டுவந்து சொல்வார். டாக்டர் தாடையை இறுக்கிக்கொண்டு கேட்பார். மறுநாள் கருவியைப் பிடிக்கும் விதத்தில் ஏதோ ஒன்றை மாற்றியிருப்பார்.

முடிவு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். புதிய முறையில் வலி குறைந்தது. ஆனால் முதலில் நாங்கள் நம்பிய அளவுக்கு அழகாக இல்லை. நேரம் கூடுதலாகப் பிடித்தது. சிலருக்கு இரண்டு முறையிலும் வலித்தது. சிலருக்குக் கடைசி வரை போகவே முடியவில்லை. அதையெல்லாம் அப்படியே கோலாலம்பூரில் சொன்னார். தூக்கிப்போட்ட முதல் முடிவுகளையும், அவை எப்படிப் பிழையாயின என்பதையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் இதற்கு வந்தார். பின்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் சுமாராகத்தான் இருந்தது. முன்வரிசையில் ஒருவர், இவ்வளவு நேரமெடுக்கும் முறையை யார் செய்வார்கள் என்று கேட்டார். "நாங்கள் செய்வம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் இறங்கி வந்தார்.

செய்தோம். ஒரே கருவியை வைத்துக்கொண்டு, பழுதானால் காத்திருந்து, திரும்பி வந்ததும் மறுபடி தொடங்கிச் செய்தோம். மெல்ல மெல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செமோரிலிருந்து, எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளிலிருந்து, மூலமாகத்தான் இருக்கும் என்ற பேச்சோடு, ஆனால் முன்பைவிடச் சீக்கிரமாக வந்தார்கள்.

பிறகு அஞ்சலை மறுபார்வைக்கு வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். வெளியே நடைபாதையில் பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். பாதி வழியில் குழாய் எங்கோ இடித்திருக்க வேண்டும்.

"ஐயோ, வலிக்குது லா டாக்டர்! நிறுத்துங்க! மெதுவாத்தான் செய்யுங்களேன், என்னா அவசரம் ஒங்களுக்கு?"

அந்தச் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டிருக்கும். நான் பதறிக் கதவைப் பார்த்தேன். டாக்டர் கருவியிலிருந்து கண்ணை எடுத்தார். ராமையா போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அன்று வாய்விட்டுச் சிரித்தார்.

"நிறுத்தியாச்சு, அம்மா. நீங்கள் சொல்லுங்கோ, எப்ப போகலாம்?"

அஞ்சலை மூச்சு வாங்கினார். எங்கள் இருவரையும் காக்கவைத்தார். பிறகு, "ம், இப்ப போங்க" என்றார்.

குடலின் கடைசி முனை வரை போனோம். சுத்தமாக இருந்தது.